மூன்று மணிச் சோறு

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில். துவைக்கிற கல் சுடுகிறது.

அப்பாவின் காக்கிச் சட்டை மூன்று. அலசும்போதுதான் பார்த்தேன், வலது கை சுத்தமாக இருக்கிறது. டிரைவருக்கு ஜன்னல் பக்கம் வலது கை. ரோட்டுப் புழுதி, புகை எல்லாம் அதில்தான் படியும். அந்த ஒரு கைக்கு மட்டும் தனியாக சோப்பு போட்டுத் தேய்த்தே பழக்கம். இப்போது இரண்டு கையும் ஒரே நிறம். கழுத்துப் பட்டை மட்டும் கன்னங்கரேல் என்று.

அம்மாவிடம் சொல்லவில்லை. நான் யாரிடம் என்ன சொல்லியிருக்கிறேன்.

வாங்க வேண்டியது: உளுந்து, சோப்பு, அம்மாவுக்கு இடுப்புத் தைலம், ரப்பர் பேண்ட்.

இன்றும் மூன்று மணிக்கு எழுந்து புளிச்சோறு. டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு அப்பா, "இன்னா, நேத்தும் இதான், இன்னிக்கும் இதானா?" நான் மூடியை ஓங்கி அழுத்தினேன். அவர் விரலை எடுத்துக்கொண்டார். கொஞ்சம் தாமதமாக எடுத்திருக்கலாம்.

ஜூன் 11, புதன்

பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. எட்டரை மணிக்குத் தெரு முழுக்க இரட்டைச் சடை. அந்த நேரத்தில் நான் வாசல் பக்கம் போவதில்லை. பாத்திரம் தேய்ப்பேன்.

பிளஸ் ஒன் பாதியில் நின்றேன். அம்மாவுக்கு கர்ப்பப்பை ஆபரேஷன், குனியக்கூடாது என்றார்கள். அப்பாவுக்கு விழுப்புரம் டிப்போவில் சென்னைக்குப் போகும் முதல் வண்டி. நாங்கள் இருக்கிற திண்டிவனத்திலிருந்து விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும். "ஓட்டல் சோறு துன்னுட்டு வண்டி ஓட்ட முடியுமா? அத்தினி பேரு உசுரு என் கையில இருக்குது" என்றார். அத்தனை பேர் உயிருக்காக நான் சோறாக்கினேன். ஒரு மாசம்தான் என்றார்கள்.

அம்மா சரியாகி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது மாவு கூட ஆட்டுகிறாள். மூன்று மணிக்கு மட்டும் எழுந்திருக்கமாட்டாள். திரும்பப் போ என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்திருந்தால் ஏன் இந்த நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மின்சாரம் மூன்று தடவை போனது.

ஜூன் 15, ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள். எனக்குப் பதினெட்டு முடிந்ததிலிருந்து அப்பாவுக்கு இதே வேலை.

திருவாமாத்தூர்ப் பக்கம். சொந்த நிலம், மல்லாட்டை போடுகிறார்கள். ஒரு பை கடலை கொண்டுவந்தார்கள். பையன் பெயர் தினேஷ். பால் வண்டி ஓட்டுகிறான். வந்ததிலிருந்து போகும்வரை போனையே பார்த்தான்.

பால் வண்டி இரண்டு மணிக்குக் கிளம்புமாம். விடியற்காலை இரண்டு.

அவன் அம்மா சொன்னாள்: "உங்க பொண்ணு மூணு மணிக்கே எழுந்துக்குமாமே. எங்க வூட்டுக்குத் தோதா போச்சி. ஒரு மணி நேரம் முன்னாடி எழுந்தா ஆச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும். நான் கதவுக்குப் பின்னால் டம்ளர் விளிம்பைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பாவின் பேச்சு, சமையலறையில் இருந்து கேட்டபடி:

"ஆகஸ்டு கடைசியிலதாங்க எனக்கு ரிட்டயர்டு. அது வரிக்கும் நம்ம ராஜ்ஜியந்தான். பி.எம்.கிட்ட ஒரு வார்த்த சொன்னா போதும், தம்பிய காண்ட்ராக்ட் டிரைவரா உள்ள தூக்கி வுட்டுடுவேன். நான் ஓட்டற வண்டியே தம்பி கைக்கு வந்துடும், பாத்துக்கினே இருங்க."

பி.எம். என்றால் டிப்போ மேனேஜர். புதிதாக வந்திருக்கிறவர். போன மாதம் வரை அப்பா அவரை வீட்டில் வேறு பேர் சொல்லித் திட்டுவார். இப்போது "ஒரு வார்த்த சொன்னா போதும்".

கதவிடுக்கில் பார்த்தேன், பையனின் அம்மா கண்கள் அகலமாயின. அதற்குத்தான் வந்திருக்கிறார்கள். எனக்காக இல்லை.

ஆடி பிறப்பதற்குள் தட்டு மாற்ற வேண்டும். ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். பத்திரிகையில் பேருக்குப் பக்கத்தில் "ஓட்டுநர்" என்று வரவேண்டும், "ஓய்வு" என்று வரக்கூடாது. அப்பாவுக்கு அதுதான் அவசரம். சர்வீஸில் இருக்கும்போது கூப்பிட்டால் டிப்போவே வருமாம். ரிட்டயர் ஆனபிறகு கூப்பிட்டால் ஒரு நாயும் வராதாம்.

"பொண்ண ஒரு வார்த்த கேட்டுக்கலாமே" என்றார் பையனின் மாமா ஒருவர். நல்ல மனுஷன்.

"பாப்பாவா? அதுக்கு இன்னா தெரியும். நாம சொன்னா சரின்னுடும்" என்றார் அப்பா.

மல்லாட்டை பாதி சொத்தை.

ஜூன் 19, வியாழன்

அம்மாவை வி.புரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இடுப்பு வலி. திருச்சி போகிற பஸ், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. "வி.புரம் உள்ள போவாது, பைபாஸ்ல எறங்கிக்கணும்" என்று கண்டக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். பாதி வண்டிகள் இப்படித்தான். ஊருக்குள் நுழைந்தால் நேரம் போகிறதாம்.

அம்மா தூங்கிவிட்டாள்.

பைபாஸ் பிரிகிற இடத்தில் ஒரு ஆள், காக்கிச் சட்டை, தலையில் ஈரத் துண்டு, வாயில் விசில். வண்டிகளை ஊருக்குள் போகச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தார். நிழல் என்று ஒரு இலை கூட இல்லை அங்கே.

அப்பா.

டிரைவர் சின்னப் பையன். கழுத்தில் வெள்ளிச் செயின், பல்லிடுக்கில் பாக்கு. கண்டக்டரைத் திரும்பிப் பார்த்து, "ண்ணா, நம்ம ஏழுமல தாத்தா நிக்கறாருண்ணா. காஞ்சி கருவாடா பூட்டாரு பாரேன்."

"உடு, பாவம். உள்ள போய்ட்டுத்தான் போவமே."

"இரு, ஒரு ஷோ காட்றேன்."

வண்டியை மெதுவாக்கி, ஊர்ப்பக்கம் திரும்புகிற மாதிரி இண்டிகேட்டர் போட்டான். அப்பா விசிலடித்து ஓடிவந்தார். பாதையை ஒதுக்கிக்கொடுத்தார், பின்னால் வந்த ஆட்டோவை நிறுத்தி. சிரித்தார்கூட. கிட்டே வந்ததும் இவன் ஸ்டீயரிங்கை ஒடித்து பைபாஸில் ஏற்றிவிட்டான். "வரட்டா தாத்தா!"

பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அப்பா கொஞ்ச தூரம் ஓடிவந்தார். துண்டு விழுந்துவிட்டது. எடுக்கத் திரும்பிப் போனார்.

வண்டியில் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒரு ஆள், "இவுங்களுக்கெல்லாம் இன்னாத்துக்கு சம்பளம்" என்றான்.

அந்தச் செயின்காரன் வண்டி ஏரிக்கரையில் டயர் வெடித்து நிற்கட்டும். குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் நிற்கட்டும். அவனும் கிழவனாவான்.

திரும்பும்போது வி.புரம் பஸ் ஸ்டாண்டில் சேகர் மாமாவைப் பார்த்தோம். அப்பாவோடு பல வருஷம் கண்டக்டராகப் போனவர். அம்மா பாத்ரூம் போயிருந்தாள். எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு அவர் பாட்டுக்குப் பேசினார்.

"அப்பாவ வீட்ல நல்லா பாத்துக்கம்மா. ஏப்ரல்ல வண்டிய எடுத்துட்டதுலேர்ந்து ரொம்ப ஒடிஞ்சி பூட்டாரு. பிரேக் சரியில்ல, இந்த வண்டிய எடுக்கமாட்டேன்னு எல்லார் எதிர்லயும் பி.எம். மேல கத்திட்டாரு. அந்த ஆளு சிரிச்சிக்கினே, 'பெரியவரே, கடைசி நேரத்துல ஒரு ஆக்சிடென்ட் ஆனா பென்ஷன் நின்னுடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், ஓரமா இருங்க'ன்னு கொண்டுபோய் பைபாஸ்ல நிறுத்திட்டாரு. நாலு பேரு, லக்குடா உனக்கு, லைட் டூட்டின்றான். லக்காம் லக்கு."

நான் தலையாட்டினேன்.

"எட்டு மணிக்கு டூட்டிம்மா. இவரு இருட்டோட வந்து டிப்போ ரெஸ்ட் ரூம்ல குந்திக்கினு இருக்காரு. எதுக்குண்ணான்னு கேட்டா, பழகிப் போச்சின்றாரு."

எட்டு மணி டூட்டி.

அம்மா வந்துவிட்டாள். சேகர் மாமா பேச்சை மாற்றி இடுப்பைப் பற்றி விசாரித்தார்.

ஜூன் 20, வெள்ளி

மூன்று மணிக்கு எழுந்தேன். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அப்படியே நின்றேன். ஏப்ரலில் இருந்து. இரண்டு மாதமாக ஒரு பொய்க்குச் சோறு வடித்துக்கொண்டிருக்கிறேன். ரெஸ்ட் ரூமில் குந்தியிருப்பதற்கு எதற்கு சுடுசோறு?

உப்புப் போடவில்லை. வேண்டுமென்றேதான்.

சாயங்காலம் டப்பா காலியாக வந்தது. ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஜூன் 23, திங்கள்

மேகம். மழை இல்லை.

அப்பா அம்மாவிடம் சொல்லும் பொய்கள், ஒரு வாரத்துக்குள் மட்டும்: மேல்மருவத்தூரில் கூட்டம், வண்டி நகரவில்லை. பாசஞ்சர் ஒருத்தி மயங்கி விழுந்தாள், தண்ணீர் தெளித்தேன். தாம்பரத்தில் டீ குடித்தேன், டீ சரியில்லை. பி.எம். கூப்பிட்டு உட்காரச் சொல்லிப் பேசினார்.

அந்த டீ சரியில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. குடிக்காத டீயில் குறை.

அம்மா "அப்படிங்களா" என்று கேட்டுக்கொள்கிறாள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே.

சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போது நான் கேட்டேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "வண்டி மாத்திட்டாங்களாப்பா?"

அப்பா கையைத் தட்டில் வைத்தபடி என்னைப் பார்த்தார். கழுத்தெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"உன்ன இன்னா கேட்டாங்க இப்ப? கொழம்ப ஊத்து."

ஊற்றினேன். தெரிந்துவிட்டது அவருக்கு, எனக்குத் தெரியும் என்று.

ஜூன் 29, ஞாயிறு

பையனின் அம்மாவிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அப்பா அணைக்கத் தெரியாமல் தடவினார். அதனால் எல்லாம் கேட்டது.

"ஊர்ல ஒருத்தரு ஒரு மாதிரி சொல்றாருண்ணா. ரிட்டயர்டு ஆகப்போற டிரைவருங்களுக்கெல்லாம் வண்டியே குடுக்கறதில்லயாம், ஓரங்கட்டிடறாங்களாம். அப்பறம் எங்க பையனுக்கு எப்டி வேல வாங்கித் தருவீங்க? சந்தேகப்படறேன்னு நெனைக்காதீங்க. வெள்ளிக்கிழம கோயிலுக்கு வாங்க, வட்டப்பாற முன்னாடி ஒரு வார்த்த சொல்லிடுங்க. அங்கயே தட்டும் மாத்திக்கலாம்."

திருவாமாத்தூர்க் கோயில் வட்டப்பாறை. அங்கே பொய்ச் சத்தியம் செய்தால் விடாது என்று இந்தப் பக்கம் எல்லோருக்கும் பயம். வரப்புத் தகராறில் இருந்து அண்ணன் தம்பி பாகம் வரை அங்கே போய்த்தான் தீர்த்துக்கொள்வார்கள்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதுக்கென்னம்மா, நான் சொல்றேன்."

"நீங்க வேணாண்ணா. ஆம்பளைங்க வாய் ஆயிரம் சொல்லும். உங்க பொண்ணு சொல்லட்டும். அது பேசாத பொண்ணு. பொய் வராது."

சாயங்காலம் அம்மா கடைக்குப் போனபோது அப்பா சமையலறைக்கு வந்தார். உள்ளே வருகிற ஆள் இல்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல் அரிசி டின் பக்கத்தில் நின்றார்.

"கேட்ட இல்ல. ரெண்டு வார்த்ததான். 'அப்பா வண்டி ஓட்டறாரு.' அவ்ளோதான்."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"பொய்யில்ல பாப்பா. முப்பது வருஷம் ஓட்னேன் இல்ல? அத மனசுல நெனச்சிக்கினு சொல்லு. ஒண்ணும் ஆவாது."

அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

"நேத்து வேலைக்கி வந்த பசங்க முன்னாடி அசிங்கப்பட்டாச்சி. இவங்க முன்னாடியும் படணுமா நானு?"

எனக்கு அந்தத் துண்டு விழுந்தது ஞாபகம் வந்தது. ஒரு நிமிஷம் சரி என்று சொல்லியிருப்பேன்.

அப்புறம் அவரே கெடுத்தார். "உனக்கும் நல்லதுதான. வூட்ட வுட்டுப் போயி நீயும் வேளா வேளைக்குத் துன்னுட்டு நல்லா இருப்ப."

வேளா வேளைக்கு. இரண்டு மணி வேளை.

பொய் சொன்னால் அவர் மானம் நிற்கும், நான் இரண்டு மணிக்கு எழுந்திருப்பேன், சாகும்வரை. உண்மை சொன்னால் நான் தப்பிப்பேன், அவர் அத்தனை பேர் முன்னால் நிற்பார். சாமி மேல் பயம் இல்லை எனக்கு. பயமெல்லாம் வாயைத் திறப்பதில்தான்.

ஜூலை 2, புதன்

அம்மா புடவை எடுத்து வைத்தாள். மாம்பழ நிறம். ஜாக்கெட் இறுக்கம், பிரித்துத் தைத்தேன். ஊசி இரண்டு உடைந்தது.

மூன்று மணிச் சோறு: எலுமிச்சை. உப்பு சரியாகப் போட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடக்கவில்லை என்றே நினைத்துக்கொள்வேன்.

அவர்கள் பக்கம் ஆறு பேர். நாங்கள் மூன்று. தட்டு, பழம், பூ எல்லாம் தயாராக. தினேஷ் இஸ்திரி போட்ட சட்டை, போன் பையில். அப்பா லீவு போட்டிருந்தார், ஆனாலும் காக்கிச் சட்டையில்தான் வந்திருந்தார். வழியெல்லாம் என்னைப் பார்க்கவில்லை.

கற்பூரம் ஏற்றினார்கள். பையனின் அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "பயப்படாத கண்ணு. உங்கப்பா இப்ப வண்டியிலதான போறாரு? மேனேஜர்கிட்ட சொல்லி வெச்சிருக்காரு இல்ல? அத மட்டும் சொல்லு."

வாய் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"சத்தமா, கண்ணு."

அப்பா பின்னால் நின்று மெதுவாக, "சொல்லு பாப்பா" என்றார்.

சொன்னேன். "அப்பாவுக்கு வண்டி இல்ல. ஏப்ரல்லயே எடுத்துட்டாங்க. பைபாஸ்ல நிக்க வெச்சிருக்காங்க, கை காட்டறதுக்கு."

எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. "பிரேக் புடிக்காத வண்டிய எடுக்கமாட்டேன்னு சொன்னாரு, அதுக்குத்தான். அவரு சொன்னா மேனேஜர் கேக்கமாட்டாரு. யாரும் கேக்கமாட்டாங்க." அப்புறம், "எனக்கு ரெண்டு மணிக்கு எழுந்திருக்க முடியாதுங்க."

பையனின் அம்மா என் தோளில் இருந்து கையை எடுத்தாள், சுட்டதுபோல. "நல்லா இருக்குதுண்ணா உங்க சர்வீசு! ரோட்ல கை காட்டற ஆளு, எங்க பையன உள்ள தூக்கி வுடறாராம்! எம்மாம் பேச்சு பேசனீங்க எங்ககிட்ட!"

தினேஷ் சொன்னான், "நான் கேட்டனா அந்த வேலைய? நீதான் ஆடன." அவனுக்கும் வாய் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

"நீ சும்மா கெடடா. எடுங்கப்பா தட்ட."

எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் பழத்தையும் சேர்த்து.

அப்பா அங்கேயே நின்றார். கற்பூரம் அணைகிறவரை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் ஏதாவது கத்தியிருப்பேன். "வண்டிக்கு நேரமாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

வி.புரத்திலிருந்து திரும்புகிற பஸ்ஸில் அப்பா முன்னால் தனியாக. அம்மா என் பக்கத்தில், அழுதுகொண்டே.

"எனக்கும் தெரியும்டி. சித்திரையிலேயே தெரியும். ஆம்பள மனசு ஒடிஞ்சிப்பூடும்னு கேக்கல."

திரும்பிப் பார்த்தேன். "தெரிஞ்சும் என்ன மூணு மணிக்கு எழுப்பனியா?"

"பின்ன இன்னா பண்றது. நீ எழுந்துக்கலன்னா அவருக்குத் தெரிஞ்சிடுமே, நமக்குத் தெரியும்னு."

அவர் மனசு ஒடியக்கூடாது. சரி. என் தூக்கம் என்ன பண்ணிற்று இவர்களை?

தி.வனம் வரை ஜன்னல் பக்கமே பார்த்தேன். இந்த டிரைவர் ஊருக்குள் வந்துதான் போனார்.

இரவு யாரும் சாப்பிடவில்லை. சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

ஜூலை 5, சனி

அலாரம் அடித்தது. அப்பா எழுந்து குளித்தார். சட்டை மாட்டுகிற சத்தம், பெல்ட் சத்தம். நான் படுத்தே இருந்தேன். அம்மா என் காலைத் தொட்டாள், தட்டிவிட்டேன்.

அப்பா சமையலறை வரை போனார். விளக்கைப் போட்டார். அடுப்பு வெறுமையாக இருப்பதைப் பார்த்திருப்பார். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"பாப்பா. டப்பா?"

"எட்டு மணிக்குத்தான டூட்டி. ஆறு மணிக்கு ஆக்கித் தர்றேன்" என்றேன்.

அவர் நகரவில்லை. நான் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.